டேங்க் பக்கத்து வலை

"கோச், எனக்கு ஏன் கோலே விழ மாட்டேங்குது?"

கேட்டவன் பிலவேந்திரன். கொடிமரத் தெரு கால்பந்துக் கழகத்தின் ஒன்பதாம் நம்பர். மூன்றாம் டிவிஷனில் பல வருஷமாகக் கோல் போட்டுப் பெயர் வாங்கியவன். அந்தப் பெயர் ரயில்வே கேட் வரைக்கும்தான் போகும். இருந்தாலும் பெயர் பெயர்தானே.

இந்த சீசனில் ஒரு கோல்கூட இல்லை.

அன்றையதையும் சேர்த்து மிச்சம் இருந்தது இரண்டு ஆட்டம். அதற்குள் ஒன்றாவது போடாவிட்டால் அடுத்த வருஷம் ஒன்பதாம் நம்பர் சட்டை வேறு ஆளுக்கு என்று கமிட்டி சொல்லிவிட்டது. சட்டை போனால் ஆட்டமும் போனது மாதிரிதான். முப்பது தாண்டியவனை வேறு எந்த டீம் கூப்பிடப் போகிறது?

கோச் ஹேமாவதி அவனோடு அதே மைதானத்தில் புழுதி பறக்க ஓடி வளர்ந்தவள். வெளியே பார்த்தால் ஹேமா. கோட்டுக்கு உள்ளே வந்தால் கோச்.

அப்போதுதான் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய கோணி மூட்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். மூட்டைக்குள் கோல் வலைகள் இருந்தன.

"கட்டு."

"நானா?"

"நீதான்."

"இன்னா கோச்? அது டிஃபெண்டருங்க வேலையாச்சே."

அவன் சொன்னதில் தப்பில்லை. கோல் போடுகிறவன் வலையில் கை வைக்கக் கூடாது என்பது அந்த கிளப்பின் வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. பிலவேந்திரனுக்கு மட்டும் ரொம்பப் பிடித்த வழக்கம்.

"கோல் போடுறவனுக்குத்தானே அந்த வழக்கம்?" என்றாள் கோச்.

அவன் மூட்டையைத் தூக்கினான்.

மூட்டை தாமதமாக வந்ததால் டாஸ் ஏற்கெனவே முடிந்திருந்தது. கொடிமரத் தெரு முதலில் ரயில் பக்க கோலில் அடிக்க வேண்டும். தண்ணீர் டேங்க் பக்க கோலில் எதிரணி அடிக்கும். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரயில் பக்க வலையைப் பிலவேந்திரன் பார்த்துப் பார்த்துக் கட்டினான். ஒவ்வொரு கண்ணியாக இழுத்து, கம்பத்தோடு சேர்த்து இரட்டை முடிச்சு போட்டான்.

டேங்க் பக்கம் வந்ததும் மனசு வரவில்லை.

'அவனுங்க கோல் போடுறதுக்கு நான் எதுக்கு மெனக்கெடணும்?'

மேலே சில முடிச்சு, கீழே ஒப்புக்கு ஒன்று. ஓரத்தில் கயிறு போதவில்லை. மூட்டையில் கிடந்த பழைய ஷூ லேஸைச் சும்மா சுற்றிவிட்டு வந்துவிட்டான்.

கோச் கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வலையைச் சரிபார்க்க வேண்டிய லைன்ஸ்மேன் இருந்த இடத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டிவிட்டார்.

முதல் பாதியில் பிலவேந்திரன் அடித்தது ஒன்று கம்பத்தில் பட்டது. இன்னொன்று தண்டவாளத்துக்கே போனது. அவ்வளவு அழகாகக் கட்டிய வலையை யாரும் தொடவே இல்லை.

இடைவேளை முடிந்தது. பக்கம் மாறினார்கள்.

இத்தனை வருஷம் பந்து ஆடியவனுக்குப் பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும் என்று தெரியாதா? தெரியும். கடுப்போடு முடிச்சு போடுகிறவனுக்கு அது ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது வலது ஓரத்திலிருந்து பந்து வந்தது. பிலவேந்திரன் யோசிக்கவே இல்லை. தரையோடு தரையாக, கம்பத்தை ஒட்டி அடித்தான். கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை.

பந்து உள்ளே போனது. போன வேகத்தில் ஓரத்து இடுக்கு வழியாக வெளியே வந்து, டேங்க் அடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவரின் காலடியில் நின்றது.

பந்து வெளியே போய்விட்டது, கோல் இல்லை, கோல் கிக்தான் என்று ரெஃப்ரி கை காட்டினார்.

"சார், உள்ள போச்சு சார்!"

"பந்து எங்க இருக்கு?"

"வெளிய."

"அப்புறம் இன்னாப்பா?"

"வலை பிரிஞ்சிருக்கு, வந்து பாருங்க சார்! எவனோ ஒழுங்கா கட்டாம..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது. ஷூ லேஸ் அவிழ்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ரெஃப்ரி வந்து பார்த்தார். "நான் கண்ணால பார்க்காத கோலைக் குடுக்க முடியாது. யாருப்பா வலையைக் கட்டினது?"

"நான்தான் சார்."

மைதானமே சிரித்தது. எதிரணி கீப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிலவேந்திரனுக்கு அழுகைதான் வந்தது.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அவன் நேராகக் கோச்சிடம் போனான்.

"அந்த லேஸைப் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கோச்! நம்ம கோலாச்சே!"

"நீ கட்டும்போது அது அவங்க கோலாச்சே."

அவன் அவளை முறைத்தான். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தும் முடியாமல் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி ஆட்டத்தன்று பிலவேந்திரன் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். வீட்டிலிருந்து புதுக் கயிறு கொண்டுவந்திருந்தான்.

"டாஸ் முடியட்டுமேண்ணா," என்றான் கேப்டன்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனான்.

முதல் பாதியில் எதிரணிதான் கோல் போட்டது, அதுவும் டேங்க் பக்கத்தில். பந்து வலையில் போய் விழுந்து அங்கேயே கிடந்தது. கொடிமரத் தெரு மொத்தமும் தலையில் கை வைத்தது. பிலவேந்திரனும் வைத்தான். ஆனால் அவன் கண் ஓரத்து முடிச்சின் மேல் இருந்தது. முடிச்சு அசையவில்லை. வந்த சிரிப்பைச் சட்டைக் காலரில் துடைத்துக்கொண்டான்.

பக்கம் மாறினார்கள்.

இந்த முறை பந்து உயரமாக வந்தது. நெற்றியால் இடித்தான். கீப்பரின் விரலில் உரசிக்கொண்டு உள்ளே போன பந்து, வலைக்கும் பின்பக்கக் கீழ்க் கம்பிக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது.

ரெஃப்ரி விசிலை நீளமாக ஊதினார். கோல்!

டீமே அவன் மேல் விழுந்தது. கோட்டோரம் கோச் குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கோ போயிருந்தது.

அங்கே கீப்பர் முட்டி போட்டுப் பந்தை இழுத்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. பந்து வரவே இல்லை.

"எந்தப் புண்ணியவான்டா இப்படிக் கட்டி வெச்சது?"

மேலே கிடந்தவர்களை எல்லாம் உதறிவிட்டுப் பிலவேந்திரன் அவனிடம் ஓடினான்.

"நான்தான்பா. நகரு, எடுத்துத் தர்றேன்."