கரடி வைத்தியர் வீட்டுத் தேனடை

மலையடிவாரக் காட்டில் ஒரு மான் இருந்தது. அதன் குட்டி பாறையில் வழுக்கி விழுந்து பின்னங்காலை முறித்துக்கொண்டது. குளமோ வற்றிக்கொண்டிருந்தது. மான் கூட்டம் ஆற்றுப் பக்கம் கிளம்புவதற்குள் குட்டி நடந்தாக வேண்டும். பின்தங்கினால் புலிதான்.

மான் குட்டியை மூன்று காலில் மெல்ல நொண்டவைத்துக் கரடி வைத்தியரிடம் கொண்டுபோனது. எலும்பு முறிவுக்கு அந்தக் காட்டில் அவரை விட்டால் ஆளில்லை.

கரடியார் காலைத் தடவிப் பார்த்தார். பச்சை மரப்பட்டை ஒன்றை எடுத்துச் சுற்றினார்.

"எப்பவும் மூங்கில் பத்தைதானே வைப்பீங்க, வைத்தியரே?"

"அது பழசும்மா. இது நரி செய்யுற கட்டு. இப்ப எல்லாருக்கும் இதுதான்."

நரி என்றதும் மான் குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனாலும் சொல்வது வைத்தியர் ஆயிற்றே. குகை வாசலில் ஒரு தேனடை தொங்கியது. மான் அதையும் பார்த்தது. கரடி வீட்டில் தேன் ஏது என்று யார் கேட்பார்கள்?

வெயிலில் பட்டை காய்ந்தது. காயக் காய இறுகியது.

"கடிக்குதும்மா" என்று குட்டி அழுதது.

மான் ஓடிப்போய்ச் சொன்னது.

"இறுகினாத்தான் எலும்பு கூடும். போம்மா" என்றார் கரடியார்.

நம்பித் திரும்பியது. கால் கறுத்தது. குட்டி அழுவதையும் நிறுத்திவிட்டது. பயந்துபோய் மான் மறுபடி ஓடியது. குகை வாசலில் நரி புதுத் தேனடை மாட்டிக்கொண்டிருந்தது.

"என் கட்டு நல்லா விலை போகுது வைத்தியரே. தேன் தீரத் தீரக் கொண்டாறேன்" என்ற நரி, மானைக் கண்டதும் நழுவியது.

"இந்தத் தேனுக்காகவா என் பிள்ளைக்கு அதைக் கட்டினீங்க?"

கரடியார் தரையைப் பார்த்தார். "சத்தியமா இல்லேம்மா. நல்லதுன்னு நம்பித்தான் கட்டினேன். தேன் தர்றவன் கட்டு எனக்கு நல்லதாத்தான் தெரிஞ்சுது."

"ஏன் என்கிட்டே சொல்லலை?"

"நீ கேக்கலையே."

அவர் வந்து கட்டை அவிழ்த்தார். காலில் உயிரில்லை.

மான் கூட்டத்திடம் போய் நடந்ததைச் சொல்லி அழுதது.

"கரடி தேன் தின்னா அது ஒரு குத்தமா? உன் பிள்ளைக்கு நேரம் சரியில்லை" என்றது கிழட்டுக் கலைமான். அதற்கும் முழங்கால் வலி. போகிற வழியில் கரடியாரிடம் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டது.

கூட்டம் போய்விட்டது. குட்டி எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது.

"நீயும் போம்மா" என்றது.

மான் போகவில்லை. குட்டியை அணைத்தபடி படுத்துக்கொண்டது. புதருக்குப் பின்னால் சருகு நொறுங்கியது.

வைத்தியர் யாரிடம் என்ன வாங்குகிறார் என்பதை மருந்துக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும்; பிறகு தெரிந்து ஒரு பயனும் இல்லை.