பூஜ்யமானால் பேரை அடி

மாசிலாமணி, திருவேங்கடம், எபநேசர் மூன்று பேரும் இன்ஜினியர்கள். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது, நமக்கு எதுக்கு வம்பு?

பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்திக்கூடத்துக்கு ஒரு டிவி, மாடி அறைக்கு ஒரு டிவி. மணமேடைப் படத்தை இரண்டுக்கும் அனுப்பும் பெட்டி இவர்கள் கம்பெனி சரக்கு. ஒரே படத்தைப் பல டிவிக்கு அனுப்புவதற்கு மல்டிகாஸ்ட் என்று பேர். டிவி கேட்டதும், பெட்டிக்குள் இருக்கும் டிரைவர் புரோகிராம் அந்தப் படத்தின் பேரைப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். கோளாறு என்னவென்றால், ஒரு டிவியை அணைத்தால் பேரையே அடித்துவிடும். மற்றதும் இருண்டு போகும். அதைச் சரிபண்ணத்தான் மூவரும் வந்திருந்தார்கள்.

மாடியில் படுத்திருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. காலில் மாவுக்கட்டு. பத்திரிகையில் தன் பேரைக் கடைசியில் போட்டதற்கே மூன்று வாரம் பேசாதவர். வாசல் பிளக்ஸில் முதல் பேராகப் போட்ட பிறகுதான் இறங்கி வந்தார். தாலி கட்டுவதை அவர் பார்க்காவிட்டால் பந்தியில் உட்கார மாட்டார். அவர் உட்காராவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தரும் சாப்பிட மாட்டார்கள். பெண்ணின் அப்பா சபாபதி நிமிஷத்துக்கொரு தரம் மாடி டிவியை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கம்பெனியிலிருந்து இவர்களுடைய மேலதிகாரி வாசுகி மேடம் போனில் சொன்னார்: "எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு எண்ணிக்கிட்டே வரணும். ஒருத்தர் விலகினா ஒண்ணு குறைக்கணும். பூஜ்யமானாத்தான் பேரை அடிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மேடம்!"

"பெட்டிக்கு எண்ணத் தெரியுமா?" என்றான் திருவேங்கடம்.

"பாவம், அதுக்கேது விரல்?" என்றான் மாசிலாமணி. "நாமளே எண்ணலாம்."

மாசிலாமணி பந்திக்கூடத்தில், திருவேங்கடம் மாடியில், எபநேசர் நோட்டோடு படிக்கட்டில். பெட்டியை ஒருத்தரும் தொடவில்லை.

கெட்டிமேளம் முழங்கப்போகும் நேரம். அட்சதை போட எல்லாரும் மேடைக்கு ஓட, பரிமாறுகிறவர் பந்திக்கூடத்து டிவியை அணைத்தார். மாடி டிவியும் இருண்டது.

"டேய், படம் எங்கடா?" என்று அலறினார் பெரியப்பா.

திருவேங்கடம் படிக்கட்டை எட்டிப் பார்த்து எபநேசரிடம் கேட்டுவிட்டு வந்தான். "பயப்படாதீங்க. ரெண்டுல ஒண்ணுதான் போச்சு. எங்க கணக்குப்படி நீங்க இன்னும் பார்த்துட்டுத்தான் இருக்கறீங்க."

பெரியப்பா ஊன்றுகோலை எடுத்தார். நல்லவேளை, அடிக்கவில்லை. நொண்டி நொண்டியே இறங்கி, சரியாக மூன்றாவது முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்தார். கண் கலங்கி, சபாபதி கையைப் பிடித்து, "பந்திக்குப் போலாம் வாங்க சம்பந்தி" என்றார். சபாபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படிக்கட்டில் எபநேசர் நோட்டைப் பார்த்தான். "மாடியிலயும் ஒண்ணு குறைஞ்சுது. பூஜ்யம்."

"அப்படின்னா பேரை அடிக்கணுமே."

"யார் பேரை?"

"கடைசியா விலகினது யாரு?"

மூன்று பேரும் வாசல் பிளக்ஸைப் பார்த்தார்கள். ஏணி வந்தது, கறுப்பு பெயிண்ட் வந்தது. முதல் பேரைச் சுத்தமாக அடித்தார்கள். கை கழுவ வாசலுக்கு வந்த பெரியப்பா அதை அண்ணாந்து பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் எபநேசர் மேடத்துக்குப் போன் போட்டான். "சரி பண்ணிட்டோங்க மேடம். பேரை அடிச்சாச்சு."

"அப்பாடா! பந்தி நடக்குதா?"

"மாப்பிள்ளை வீட்டு வரிசையை எண்ணிட்டேனுங்க. அங்கயும் பூஜ்யம்." கொஞ்சம் யோசித்தான். "மாப்பிள்ளை பேரையும் அடிச்சிடலாங்களா?"