கடைசி பெஞ்சுக்குப் போன சமாதானம்

தேசத்துக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிற வாரம் வந்துவிட்டால், அந்தச் சபையில் பீடத்துக்கு முன்னால் இந்தியாவைத் தரையில் விரிப்பார்கள். பிளெக்ஸில் அடித்த பெரிய வரைபடம். ஆளுக்கொரு மாநிலத்தில் முழங்கால் போட்டு, அந்த மாநிலத்தின் பாவங்களுக்காக அழ வேண்டும். குரல் வளம் உள்ளவர்களுக்குப் பெரிய மாநிலமாகக் கிடைக்கும். கோவாவை யாரும் கேட்கமாட்டார்கள். முழங்கால் வைக்க இடம் போதாது.

உபதேசியார் மாசிலாமணிக்கு அஸ்ஸாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் அழுத அழுகையில் கண்ணாடி நனைந்துவிட்டது. சாராயத்துக்காக அழுதார். லஞ்சத்துக்காக அழுதார். "ஆண்டவரே, இந்தத் தேசத்துல ஜாதி ஒழியணும்" என்று அஸ்ஸாமின் மேல் நெற்றியை வைத்து அழுதார். பொய்யாக அழவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆயாசமாக இருக்கிறது.

ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின் அவர் ஞானாபரணம் ஐயரிடம் வந்தார். ஐயர் அந்தச் சபையின் குருவானவர். உபதேசியார் அவருக்குக் கீழே ஊழியம் செய்பவர், வேதத்தை அவரிடம்தான் படித்தார். மற்றபடி இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"தேசத்துக்காக இவ்வளவு அழுதேன். இது உண்மையான விசுவாசந்தானா?"

"திடீர்னு என்ன சந்தேகம்?"

"தெரியல ஐயா. மனசு ஒரு நிலையில இல்ல."

காரணம் ஐயருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். உபதேசியாரின் ஒரே மகள் எப்சிபா, போன வருஷம் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ஞானஸ்நானம் பெற்றவன், ஞாயிறு தவறாதவன். தெருதான் வேறு. ஊரில் யாரும் ஜாதி என்று சொல்லவில்லை, தெரு என்றுதான் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது புருஷனுக்குச் சூரத்தில் வேலை. மறுநாள் மத்தியானம் ரயில். போவதற்கு முன்னால் காலை ஆராதனைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"எப்சிபா நாளைக்கு வருதாமே" என்றார் ஐயர்.

"நான் தேசத்தப் பத்திக் கேட்டேன், ஐயா."

ஐயர் விளக்கு சுவிட்ச் பக்கம் நடந்தார்.

"இன்னைக்கு எனக்கு முடியல, உபதேசியாரே. நாளைக்குச் சொல்லுதேன்" என்று விளக்கை அணைத்தார்.

மறுநாள் எப்சிபா வந்தாள். கதவோரம் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். அவள் புருஷன் உள்ளே வரவில்லை. பெட்டிகளோடு வெளியே மரத்தடியில் நின்றான்.

அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது அந்தச் சபையின் வழக்கம். ஐயர் கூப்பிய கைகளை நீட்டுவார். உபதேசியார் அவற்றைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்தி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் பக்கத்தில் இருப்பவருக்கு, அவர் அடுத்தவருக்கு. இப்படிக் கை மாறிக் கை மாறி சபை முழுக்கப் போகும். யாரையும் விடக்கூடாது.

உபதேசியார் வாங்கினார். பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டே போனார். கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் கொடுத்தார். திரும்பிவிட்டார்.

எப்சிபா எழுந்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டியபடி இருந்தாள். முன் பெஞ்சில் இருந்த பெண்கள் யாரும் தலையைத் திருப்பவில்லை. முந்தின நாள் ஆளுக்கொரு மாநிலத்தைச் சுமந்து அழுதவர்கள்தான்.

உபதேசியார் பீடத்தருகே வந்து நின்றார். ஐயர் ஆராதனையைத் தொடரவில்லை.

"ஐயா, அடுத்த ஜெபம்" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தார் உபதேசியார்.

"இன்னும் முடியல" என்றார் ஐயர்.

உபதேசியாருக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. கால் நகரவில்லை.

ஐயர் தானே படியிறங்கினார். நடுவில் விரித்துக் கிடந்த இந்தியாவைச் சுற்றிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, அத்தனை பெஞ்சுகளையும் தாண்டி நடந்தார். பாடகர்கள் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் கூப்பிய கைகளை எப்சிபாவின் கைகளுக்குள் வைத்துச் சமாதானம் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டுமே. அந்தப் பெஞ்சில் வேறு ஆள் இல்லை. அவள் கைகளைக் கூப்பி, பிரிக்காமல் அப்படியே நின்றாள்.

ஆராதனை முடிந்தது. ஐயர் உள்ளறையில் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். உபதேசியார் வாசற்படியிலேயே நின்றார்.

"ஐயா, நேத்து கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"எனக்கும் அலுத்துப் போச்சு, உபதேசியாரே. நானும் வருஷா வருஷம் தேசத்துக்காக அழுதவன்தான். தேசம் நம்ம வாசல்ல வந்து நின்னு 'அப்பா'ன்னு கூப்பிடாது. அதுக்காக அழுறது லேசு."

"அப்ப என் விசுவாசம் பொய்யின்னு சொல்லுதீங்களா?"

ஐயர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மரத்தடியில் அந்தப் பையன் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். எப்சிபா இன்னும் ஏறவில்லை. கோயில் வாசலைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னைய ஏன் கேக்கீரு? நான் கொண்டுபோன சமாதானம் இன்னும் உம்ம மக கையிலதான் இருக்கு. வாங்கத்தான் ஆள் வரல."