பத்து சாண் கட்டில்

“டீச்சர், சரியாத்தானே அளந்தோம். பிறகு எதுக்கு சிவப்பு மையில தப்பு போட்டிருக்கு?”

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டாள் செல்லக்கனி. வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் இதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் ஐந்தாவதோடு நின்றவள். யாரிடமும் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லை. வராந்தாவில் நின்ற மற்ற அம்மாமார்கள்தான் அவளை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

“மூணாங் கிளாசுப் பிள்ளைக்குக் கொடுக்கிற வீட்டுப்பாடமா இது? எங்க வீட்டுக்காரரு டிப்ளமா படிச்சவரு. டேப் வச்சு அளந்து புள்ளியெல்லாம் போட்டு எழுதினாரு. அதுவும் தப்பாம்!”

“நமக்கே முழி பிதுங்குது. ஏளா செல்லக்கனி, நீதான் கதவுப் பக்கத்துல நிக்கே. முதல்ல போய்க் கேளு.”

எஸ்தர் டீச்சர் செல்லக்கனியைவிட நாலைந்து வயது சின்னவள். நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

‘உன் வீட்டுக் கட்டிலை உன் கையால் அள. நீளம் எத்தனை சாண்?’

கீழே, ‘10 சாண்’.

“அளந்தது யாரு, தன்ஷிகா அம்மா?”

“நான்தான் டீச்சர். பிள்ளை பாதியில விட்டுட்டு விட்டுட்டு அழுதா. பார்க்கப் பொறுக்கலை. ரெண்டு தடவை அளந்தேன். பத்தேதான்.”

டீச்சர் சிரித்தாள். தன் மேசைமேல் கிடந்த நோட்டுகளை அள்ளி நாற்காலியில் வைத்தாள்.

“இதை அளங்க.”

செல்லக்கனி சாண் போட்டாள்.

“ஆறு.”

“தன்ஷிகா, இங்க வா. இப்ப நீ அள.”

மகள் வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

நேற்றிலிருந்தே அப்படித்தான். “நீ சொல்லித் தந்தா தப்பாத்தான் வருது. இனிமே நான் டியூஷன் அக்காட்டயே படிச்சுக்கிடுதேன்” என்று நோட்டை மூடிவிட்டாள்.

சிவப்பு மையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதுதான் செல்லக்கனிக்குத் தாங்கவில்லை. பகலெல்லாம் தையல் கம்பெனியில் மிஷினோடு மிஷினாகக் கிடப்பவள், சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்காரும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமாக ஓடி வருவாள். அந்த இடம் போய்விட்டால்?

தன்ஷிகா கையை விரித்து மேசைமேல் வைத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கையைத் தூக்கியதும் சுண்டுவிரல் இருந்த இடம் மறந்துபோனது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் மறந்தது.

“டீச்சர், நான் வேணும்னா...”

செல்லக்கனியின் கை மேசைக்கு நீண்டிருந்தது. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள்.

செல்லக்கனி சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் தடவை. நாலாவது சாணில் பிள்ளைக்கு உதடு துடித்தது. இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தாமலே கூப்பிட்டாள்.

“அம்மா, இந்த இடத்துல விரலை வை. நான் கையைத் தூக்கணும்.”

செல்லக்கனி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை வைத்தாள்.

“அஞ்சு. இப்ப இங்க வை.”

வைத்தாள்.

“அழுத்தி வைம்மா, நகருது. ஆறு.”

ஆறு வந்த பிறகும் மேசை மிச்சம் இருந்தது.

செல்லக்கனி மிச்ச மேசையைப் பார்த்தாள். மகளின் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

“ஐயோ!” என்று சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதம்மா, மேசை ஆடுது.”

கதவுக்குள் ஒரு தலை நீண்டது. டிப்ளமாக்காரர் மனைவி.

“ஏளா, இவ்வளவு நேரமா? டீச்சர் என்னதான் சொல்லுதாங்க?”

செல்லக்கனி திரும்பவில்லை. வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“கொஞ்சம் இருங்கக்கா! இப்ப விரலை எடுத்தா கணக்கு தப்பிரும்.”