அட்டையைத் தள்ளிவிட்ட பிள்ளை

கண் மருத்துவர் செண்பகவல்லியிடம் தொழில் கற்க வந்தவர்களில் ஜெபஸ்டின் கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரிந்திருந்ததுதான் சங்கடம்.

கடலோர ஊர் ஒன்றின் பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கண் பார்க்கப் போயிருந்தார்கள். எழுத்து அறியாத வயது என்பதால் தூரத்தில் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டான் ஜெபஸ்டின். நாலு வயது ரூபி வீடு, ஆப்பிள், குடை என்று மளமளவென்று சொன்னாள். அவள் வலது கண்ணை அட்டையால் மறைத்ததுதான் தாமதம், அதைத் தட்டிவிட்டு அழுதாள். பிஸ்கட் கொடுத்துப் பார்த்தான். மசியவில்லை.

வீட்டிலும் இந்தக் கூத்துதான் என்று அம்மா நொந்துகொண்டாள். தண்ணீர் ஊற்றச் சொன்னால் டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாளாம். அடி வாங்கியும் திருந்தவில்லையாம்.

"பார்வை நல்லாத்தான் இருக்கு டாக்டர். சரியான அடம். அனுப்பிரலாமா?" என்றான் ஜெபஸ்டின்.

செண்பகவல்லி ரூபியை மடியில் உட்கார வைத்து, இடது கண்ணை மறைத்தார். பிள்ளை சமர்த்தாகப் படங்களின் பெயரைச் சொன்னாள். அட்டையை வலது கண்ணுக்கு மாற்றினார். கை வந்து தள்ளியது. மறுபடி இடது; பேசாமல் இருந்தாள். மறுபடி வலது, அழுகை.

"அடம்பிடிக்கிற பிள்ளை ரெண்டு பக்கமும் பிடிக்கணுமே" என்றார்.

வலது கண்ணை மூடினால் அவளுக்குப் படம் தெரியவில்லை என்பது அப்போதுதான் ஜெபஸ்டினுக்குப் புரிந்தது. இடது கண்ணில் பார்வை மிகவும் குறைவு. இன்னும் சில வருடம் போயிருந்தால் அதைத் தேற்றுவது பெரும்பாடு. அந்தப் பிள்ளையைத்தான் அவன் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தான்.

கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைக்க வேண்டும், அப்போதுதான் சோம்பிக் கிடக்கும் கண் வேலை செய்யப் பழகும் என்று செண்பகவல்லி நிதானமாக விளக்கினார். சின்ன வயதுதான், தேறிவிடும் என்றார். அம்மா மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தூக்கிக்கொண்டு போனாள்.

ஜெபஸ்டினுக்கு மனசு ஆறவில்லை.

"ஒரு கண்ணு தெரியலன்னு இத்தனை நாளா அவ ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லல டாக்டர்?"

செண்பகவல்லி அட்டையைத் துடைத்து மேசையில் வைத்தார்.

"இப்ப உன் கண்ணுல படாம இருக்கிறது என்னென்ன? சொல்லு, கேட்டுக்கிறேன்."

ஜெபஸ்டின் சுற்றுமுற்றும் பார்த்தான். வாயில் வந்ததெல்லாம் கண்ணில் பட்டவைதான்.