முதல் பக்கத்துப் பெயர்

வேல்ஸ் நாட்டில் ஒரு மலையடிவார ஊர். அங்கே அச்சகத்தில் எழுத்துக் கோப்பவள் க்வென்லியன். கவிஞர், மாலுமி, கணித மேதை என்று அந்த வட்டாரத்தில் பேர்வாங்கியவர்களைப் பற்றி ஒரு புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. அதை வெளியிடுகிறவர் ஊர்ப் பெரிய மனிதர் சர் ஹ்யூ.

பட்டியலில் மருத்துவச்சி மார்கெட்டின் பெயரை அவர் அடித்துவிட்டார். "பிரசவம் பார்க்கிற கிழவிக்கு ஒரு பக்கமா? முதல் பக்கத்தில் என்னைப் போடு. ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் உனக்கு வேலை போய்விடும்" என்றார்.

அவர் எதையுமே சாதித்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி. க்வென்லியனோ தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள், பிழைக்கவைத்தவள் மார்கெட். "சரிங்க ஐயா" என்றவள் நேரே சர் ஹ்யூவின் தாயாரைப் பார்க்கப் போனாள்.

புத்தக வெளியீட்டு விழாவன்று முதல் பக்கத்தில் தம் பெயரைக் கொட்டை எழுத்தில் கண்ட சர் ஹ்யூ, பூரித்துப்போய் உரக்கப் படித்தார்.

"சர் ஹ்யூ பிறந்தபோது மூச்சில்லை. டாக்டர் கைவிட்டார். பனியில் ஆறு மைல் நடந்து வந்த மார்கெட் வாயில் ஊதி உயிர் கொடுத்தாள்..."

படிப்பதை நிறுத்தி நிமிர்ந்தார். "இது யார் சொன்னது?"

"உங்கள் தாயார்தான் ஐயா" என்றாள் க்வென்லியன்.

முன்வரிசையில் தாயார் தலையசைத்தார். சர் ஹ்யூ மேடையிலிருந்து இறங்கினார். கடைசி பெஞ்சில் இருந்த மார்கெட்டைக் கைப்பிடித்து அழைத்துவந்து தம் நாற்காலியில் உட்காரவைத்தார். ஆனால் பேச்சு வரவில்லை.

"அன்றைக்கும் இப்படித்தான் பேச்சுமூச்சில்லாமல் இருந்தாய், தம்பி" என்றாள் மார்கெட்.

மீதிப் பக்கத்தை அவர் நின்றபடியே படித்தார்.