பெயரைச் சொல்லாத ஆள்காட்டி

ஏரிக்கரைப் புல்காட்டில் ஒரு காடையும் ஓர் ஆள்காட்டிக் குருவியும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. காடை குஞ்சுகளோடு மேயும். ஆள்காட்டி மேட்டில் நின்று காவல் காக்கும். எதிரி வந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த வேலையும் ஒருநாள் கெட்டது. பள்ளிக்கூட ஜன்னலோரம் ஆள்காட்டி புழு பொறுக்கப் போனது. உள்ளே ஆங்கில இலக்கண வகுப்பு.

“பெயரை மட்டும் சொன்னால் போதுமா? எந்த ஆள், எப்படிப்பட்ட பொருள் என்று ‘ஹூ’, ‘விச்’ போட்டு விளக்க வேண்டும்! அதுதான் அட்ஜெக்டிவ் கிளாஸ், பெயரை விளக்கும் தொடர்!” என்றார் வாத்தியார்.

ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வரும், விளக்கம் பின்னால் வரும் என்று அவர் சொல்வதற்குள் குருவி பறந்துவிட்டது. தமிழிலோ விளக்கம் முன்னால், பெயர் கடைசியில். அரைகுறைப் பாடம்!

அன்றிலிருந்து காடைக்குத் தலைவலி.

“அக்கா, நேத்து பெய்த மழையில முளைச்ச புல்லுல உட்கார்ந்த தும்பி எவ்வளவு அழகு!” என்றது ஆள்காட்டி.

“தும்பின்னு சொல்லேன்டி! நீ முடிக்கிறதுக்குள்ள அது பறந்தே போச்சு!”

“நீ படிக்காதவ. உனக்குப் புரியாது!”

மறுநாள் ஆள்காட்டி பதறிக் கத்தியது. “அக்கா! தோப்பிலிருந்து கிளம்பின, போன வாரம் ஓணானைப் பிடிச்ச…”

“எதுடி? பாம்பா? பருந்தா? சொல்லித் தொலை!”

பாம்பென்றால் ஓட வேண்டும். பருந்தென்றால் பதுங்க வேண்டும். எதைச் செய்வதென்று தெரியாமல் காடை தவித்தது.

“…கண்ணு சிவந்த, நெஞ்சுல கோடு போட்ட வல்லூறு வருது!”

வருகிறதாம்! அது வந்துவிட்டுப் போயே விட்டது. ஏழு குஞ்சுகளில் கடைக்குட்டியைக் காணோம்.

“நான் முழுசாத்தானே சொன்னேன்?” என்றது ஆள்காட்டி. காடை அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

பத்து நாள் கழிந்தது. ஆள்காட்டி அடைகாத்தபடியே கண்ணயர்ந்திருந்தது. பக்கத்தில் புல் அசைந்ததைக் காடை பார்த்தது. பேசாமல் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

“கீரி!”

ஆள்காட்டி துள்ளி எழுந்தது. சிறகொடிந்ததுபோல் நொண்டி நொண்டி, கீரியை வேறு பக்கம் இழுத்துப் போனது. நாலு முட்டையும் தப்பின.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து, “அக்கா, எப்படிப்பட்ட கீரின்னு நீ சொல்லவே இல்லையே?” என்றது. பழக்கதோஷம்!

“சொல்லிக்கிட்டு இருந்தா உனக்கு முட்டை இருந்திருக்காதுடி!” என்றது காடை. “எனக்குக் கடைக்குட்டி இல்லாத மாதிரி!”

ஆள்காட்டி தன் நாலு முட்டைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தது.

ஆபத்து வரும்போது பெயரை முதலில் சொல்ல வேண்டும். வர்ணனையெல்லாம் உயிர் தப்பிய பிறகு போதும்.